புது ஆட்சியும் பழைய நீதிபதிகளும்

நான் சிவில் பக்கம் வழக்கு நடத்துகிறவள். பாகப்பிரிவினை, கிரய ஒப்பந்தம், வாடகைத் தகராறு, எப்போதாவது ஒரு விவாகரத்து. அரசமைப்புச் சட்டம் பேசி மேடை ஏறுகிற ஆளில்லை. ஆனால் போலந்து நீதிமன்றங்களில் நடக்கிற கூத்தை என் ஜூனியர் கொஞ்ச காலமாக விடாமல் படித்துக்கொண்டு வருகிறான். ஒருநாள் கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டான்: "முந்தைய ஆட்சி தன் ஆட்களை நீதிபதியாகப் போட்டு நிரப்பிட்டுப் போயிருக்கு. ஜனங்க அந்த ஆட்சியே வேண்டாம்னு ஓட்டுப் போட்டுட்டாங்க. ஒரே சட்டத்துல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே மேடம்?"

எனக்கு அந்த நிமிஷம் நீதித்துறைச் சுதந்திரம் ஞாபகத்துக்கு வரவில்லை. "அப்ப அவங்க கொடுத்த தீர்ப்பெல்லாம் என்னடா ஆகும்?" என்றுதான் கேட்டேன்.

இந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 1981இலேயே பதில் சொல்லிவிட்டது. கோகராஜு ரங்கராஜு வழக்கு. ஆந்திராவில் சில செஷன்ஸ் நீதிபதிகளின் நியமனம் செல்லாது என்று முடிவாகிவிட்டது. உடனே அவர்கள் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர்கள், "நீதிபதியே செல்லாதவர், தீர்ப்பு மட்டும் எப்படிச் செல்லும்?" என்று வந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அதை ஏற்கவில்லை. பதவியின் நிழலில், ஊர் அறிய, நீதிபதியாக உட்கார்ந்து ஒருவர் செய்த வேலை செல்லும். அவருடைய நியமனத்தில் இருந்த ஓட்டை பிறகு வெளியே வந்தாலும் செல்லும் என்றார். நீதிபதியின் பதவியைக் கேள்வி கேட்க வேண்டுமானால் அதற்கென்று தனி வழக்குப் போடு, தோற்றவன் தன் மேல்முறையீட்டில் அதைச் சொருகாதே என்பது சாரம். அந்தத் தீர்ப்பைக் கல்லூரியில் படித்தபோது கொட்டாவி வந்தது. இப்போது எந்த நாட்டில் நீதிமன்றச் சீர்திருத்தம் என்று செய்தி வந்தாலும் முதலில் அதுதான் மனதில் ஓடுகிறது.

போலந்தில் 2025இல் நடந்ததைப் பாருங்கள். ஒரு சிறிய நகரத்து நீதிமன்றத்தில், விவாகரத்து ஆன தம்பதிக்குச் சொத்துப் பிரிக்கும் வழக்கு. விசாரித்த நீதிபதி, விவாகரத்துக் கொடுத்தவர் முறைகேடான வழியில் நியமனம் பெற்ற நீதிபதி, ஆகவே அந்த விவாகரத்தே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் என் கட்சிக்காரராக இருந்து என் எதிரே உட்கார்ந்து, "அப்ப எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கா, இல்லையா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? சட்டத்தின் ஆட்சியை மீட்கிறோம் என்று கிளம்பினால் முதல் அடி விழுவது இப்படிப்பட்டவர்கள் மேல்தான். அந்த அரசாங்கமே அந்தத் தீர்ப்பை ரசிக்கவில்லை.

சரி, ஜூனியரின் கேள்விக்கு வருகிறேன். ஒரே வெட்டாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அங்கே ஒரே வேலையைப் பத்து வருடத்துக்குள் இரண்டு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

டேனியல் அராப் மோய் 24 வருடம் ஆண்டுவிட்டு 2002 டிசம்பரில் போனார். ம்வாய் கிபாக்கி வந்தார். நீதிமன்றம் என்றாலே லஞ்சம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். புது அரசு "தீவிர அறுவைச் சிகிச்சை" என்று பெயர் வைத்து இறங்கியது. நீதிபதி ஆரன் ரிங்கேரா தலைமையில் ஒரு குழு விசாரித்தது. 2003 அக்டோபரில் பட்டியல் வெளியானது: உயர் அடுக்கில் 23 நீதிபதிகள், கீழே 82 மாஜிஸ்டிரேட்டுகள். பெயர்கள் பத்திரிகையில் வந்தன. தன்மீது என்ன குற்றச்சாட்டு என்பது பலருக்குத் தெரியாது; பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்பதே பேப்பர் பார்த்துத்தான் தெரியும். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விட்டால் ஓய்வூதியம் உண்டு, இல்லாவிட்டால் விசாரணை மன்றம். பெரும்பாலானவர்கள் வாயைத் திறக்காமல் கிளம்பிவிட்டார்கள். ஊர் கைதட்டியது.

சிலர் மட்டும் போக மாட்டேன் என்று நின்றார்கள். அதில் ஒருவர் பிலிப் வாக்கி. விசாரணை நடந்தது, குற்றம் எதுவும் நிற்கவில்லை, திரும்ப வேலைக்கு வந்தார். நான்கைந்து வருடம் கழித்து, 2007 தேர்தல் கலவரத்தை விசாரிக்க நாடே நம்பி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டி வந்தபோது கொடுத்தது யாரிடம்? இதே வாக்கியிடம். அந்த விசாரணைக் குழுவுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் அன்று ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தால், "ஊழல் நீதிபதிகளில் ஒருவர்" என்ற ஒரு வரியோடு முடிந்திருப்பார். போனவர்களில் இன்னும் எத்தனை வாக்கிகள் இருந்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. விசாரணையே நடக்கவில்லையே.

இதைவிடப் பெரிய கோளாறு, காலியான நாற்காலிகளை நிரப்பிய விதம். ஜனாதிபதி நிரப்பினார். சுத்தம் செய்த கையே நிரப்பியது. 2007 டிசம்பர் கடைசியில் கிபாக்கி மறுபடி வென்றதாக அறிவித்தார்கள்; அன்று மாலையே அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணம். எதிர்க்கட்சியிடம் "கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார்கள். அது அவர் நியமித்த கோர்ட், போக மாட்டோம் என்றார்கள். சண்டை தெருவுக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கலவரத்துக்கு நிலம், இனம், போலீஸ் என்று வேறு காரணங்களும் நிறைய உண்டு. எல்லாவற்றையும் நீதிமன்றத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் தோற்றவன் போய் நிற்க ஒரு கதவு இல்லாமல் போனது நிஜம்.

இரண்டாவது முறை 2010 புது அரசமைப்புச் சட்டம் வந்தபோது. இந்த முறை விதியைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி, அதைப் பொது வாக்கெடுப்பில் மக்கள் முன் வைத்தார்கள். பழைய தலைமை நீதிபதி ஆறு மாதத்துக்குள் இறங்க வேண்டும். மற்ற நீதிபதி ஒவ்வொருவரும் ஒரு தகுதிச் சோதனை வாரியத்தின் முன் வர வேண்டும். ஷரத் ராவ் என்ற மூத்த வழக்கறிஞர் தலைவர். ஒன்பது உறுப்பினர்களில் மூன்று பேர் வெளிநாட்டு நீதிபதிகள். தென்னாப்பிரிக்காவின் ஆல்பி சாக்ஸ் ஒருவர், கானாவிலிருந்தும் சாம்பியாவிலிருந்தும் ஒவ்வொருவர். உள்ளூர்க் கட்சிகளுக்கும் இனங்களுக்கும் சம்பந்தமில்லாத ஆட்களை வேண்டுமென்றே உட்காரவைத்தார்கள். நீதிபதியின் பழைய தீர்ப்புகள், அவர்மேல் வந்த புகார்கள், சொத்து விவரம் எல்லாம் மேஜையில். புகாரை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பதில் கேட்டு, காரணத்தோடு எழுத்தில் முடிவு.

2012 ஏப்ரலில் முதல் முடிவுகள் வந்தன. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நான்கு மூத்த நீதிபதிகள் தகுதியில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள். மோய் காலத்தில் அரசாங்கம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகச் சட்டத்தை வளைத்ததற்கெல்லாம் அவர்களில் சிலரின் கையெழுத்தே சாட்சியாக வந்து நின்றது. தீர்ப்பில் தவறு செய்வது வேறு, ஆளைப் பார்த்துத் தவறு செய்வது வேறு. அந்த வாரியம் இரண்டையும் பிரித்துப் பார்க்க மெனக்கெட்டது என்பது என் எண்ணம்.

எனக்கு உறுத்தலான இடமும் உண்டு. வாரியத்தின் முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள். மறுபரிசீலனை வேண்டுமானால் அதே வாரியத்திடமே கேட்க வேண்டும். மேல்முறையீடு என்ற சொல்லை வைத்துச் சோறு தின்கிற எனக்கு இது தொண்டையில் மாட்டுகிற முள். வெளியேற்றப்பட்ட நீதிபதிகள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அங்கே கொஞ்சம் ஆதரவும் கிடைத்தது. கடைசியில் 2014இல் உச்ச நீதிமன்றம், மக்கள் ஒப்புக்கொண்ட அரசமைப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, எங்களுக்கு அதிகாரமில்லை என்று கதவை மூடியது. எதிர்வாதம் எனக்குப் புரிகிறது. சோதனைக்கு உட்பட வேண்டிய நீதிபதிகளே சோதனையை மறுபரிசீலனை செய்தால் அது எங்கே போய் முடியும்? புரிந்தாலும் எனக்கு மனது ஒப்பவில்லை. ஒருமுறை, குறிப்பிட்ட காலத்துக்கு என்பதால் மட்டும் பொறுத்துக்கொள்ளலாம்.

நியமனத்திலும் பாடம் கற்றிருந்தார்கள். கிபாக்கி பழைய பழக்கத்தில் 2011 தொடக்கத்தில் தானாகவே ஒருவரைத் தலைமை நீதிபதியாக அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்க வேண்டி வந்தது. பிறகு நீதித்துறைப் பணி ஆணையம் விண்ணப்பம் வாங்கி, டிவியில் எல்லாரும் பார்க்க நேர்காணல் நடத்தி வில்லி முடுங்காவைத் தேர்ந்தெடுத்தது. துணைத் தலைமை நீதிபதியாக வந்தவரும் அதே வழியில் வந்தவர்தான். ஆனால் ஆறே மாதத்தில் ஒரு வணிக வளாகத்தில் பாதுகாப்பு ஊழியரின் மூக்கைப் பிடித்துத் திருகி, துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று புகார் வந்து, விசாரணை நடந்து, பதவி விலகினார். எவ்வளவு நல்ல சல்லடை வைத்தாலும் இப்படி ஒன்று விழத்தான் செய்யும். புதியவர் என்று பார்க்காமல் அவர்மேலும் நடவடிக்கை எடுத்தார்கள் என்பதில் எனக்குத் திருப்தி.

2017 செப்டம்பர் 1. அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா வென்ற தேர்தலைக் கென்ய உச்ச நீதிமன்றம் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது. அவர் நீதிபதிகளை வெளிப்படையாக அயோக்கியர்கள் என்றே திட்டினார். திட்டிவிட்டு மறுதேர்தலுக்கு நின்றார். பத்து வருடத்துக்கு முன் "கோர்ட்டுக்குப் போக மாட்டோம்" என்ற அதே எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காதான் இந்த முறை கோர்ட்டுக்குப் போனவர்.

இதற்கு நேர் எதிரே இலங்கை. தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கவை 2013 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் மூலம் நீக்கினார்கள். அவரை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் அறிக்கையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்திருந்தும் நீக்கினார்கள். மொஹான் பீரிஸ் வந்தார். இரண்டு வருடத்தில் ஆட்சி மாறியது. 2015 ஜனவரி கடைசியில் புது ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன என்ன செய்தார்? பழைய நீக்கமே சட்டப்படி நடக்கவில்லை, ஆகவே காலியிடமே ஏற்படவில்லை, ஆகவே பீரிஸ் ஒருநாளும் தலைமை நீதிபதியாகவே இருக்கவில்லை என்று நிர்வாக மட்டத்திலேயே முடித்துவிட்டார். பண்டாரநாயக்க திரும்பி வந்து மறுநாளே ஓய்வு பெற்றார். அதற்கும் மறுநாள் கே. ஸ்ரீபவன் பதவியேற்றார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது மனதுக்குள் ஒரு "சபாஷ்" வந்தது உண்மை. அநியாயமாக விரட்டப்பட்டவர் அதே வாசல் வழியே உள்ளே வருகிறார், யாருக்குத்தான் பிடிக்காது? வக்கீல் மூளை பிறகுதான் விழித்தது. ஒரு தலைமை நீதிபதியை விசாரணையில்லாமல், "நீ இருந்ததே இல்லை" என்ற தர்க்கத்தால் அனுப்ப முடியும் என்றால் அடுத்து வருகிறவருக்கும் அந்தத் தர்க்கம் உதவும். இரண்டு வருடம் அவர் உட்கார்ந்து கொடுத்த தீர்ப்புகள் வேறு இருக்கின்றன. நீக்கம் சரியா தவறா என்பதை ஒரு முழு பெஞ்ச் உட்கார்ந்து தீர்த்திருக்க வேண்டும். நாள் ஆகியிருக்கும், ஆகட்டும்.

அதே ஆண்டு அவர்கள் செய்த இன்னொரு வேலை, அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது திருத்தம், எவ்வளவோ மேல். உயர் நீதிபதி நியமனத்தை ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாமல் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் இடம்பெறும் அரசமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்றாக்கினார்கள். மூன்று வருடம் கழித்து அதே சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். 2018 டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். தான் பூட்டிய பூட்டு தன் கையையே கடித்தது. பூட்டு சரியாக வேலை செய்தது என்று அர்த்தம்.

இந்தியாவிலும் இப்படி ஒரு தருணம் வந்து போயிருக்கிறது. நெருக்கடி நிலையில் ஆள்கொணர்வு மனு போட முடியாது என்று 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், எச். ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரான பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். 1977இல் ஜனதா ஆட்சி வந்தது. 1978 பிப்ரவரியில் பெக் ஓய்வு பெறும்போது அடுத்த மூத்தவர் ஒய். வி. சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவர். அவரைத் தலைமை நீதிபதியாக்காதீர்கள் என்று பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள் நிறைந்த அரசாங்கம் அது. அந்தத் தீர்ப்பால்தான் சிறையிலேயே கிடந்தார்கள். வாய்ப்புக் கைக்கு வந்தது. ஆனாலும் மூப்பை மீறவில்லை.

அந்தத் தீர்ப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் ஜனதா அரசு செய்தது சரி என்றே நினைக்கிறேன். 1980இல் இந்திரா திரும்பி வந்துவிட்டார் அல்லவா? ஜனதாவும் ஒருமுறை தாண்டியிருந்தால், தாண்டுவதுதான் இந்த நாட்டு வழக்கம் என்று ஆகியிருக்கும். அதன் பிறகு இன்றுவரை இந்தியத் தலைமை நீதிபதி நியமனத்தில் மூப்பு மீறப்படவில்லை. அதே சமயம் ஜனதா அரசு சும்மாவும் இருக்கவில்லை. நெருக்கடி நிலையில் பழிவாங்க மாற்றப்பட்ட 16 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் வழக்குப் போட்ட சங்கல்சந்த் சேத்தை ஆந்திராவிலிருந்து குஜராத்துக்கே திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அநியாயம் எங்கே நடந்ததோ அதை மட்டும் திருத்துவது என்பார்களே, அப்படி.

ஒவ்வொருவராகச் சோதிப்பது மலிவான வேலையில்லை. அல்பேனியாவில் 2016இல் நாடாளுமன்றத்தின் 140 பேரும் ஒருமனதாக வாக்களித்து ஆரம்பித்தார்கள். சுமார் 800 நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள். முக்கியமான கேள்வி: இந்தச் சம்பளத்தில் அந்த வீட்டை எப்படி வாங்கினாய்? நிறையப் பேரால் பதில் சொல்ல முடியவில்லை. பலர் கேள்வி வருவதற்கு முன்பே கிளம்பினார்கள். விளைவு, அரசமைப்பு நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பெஞ்ச் அமைக்க ஆளில்லாமல் நின்றன. உச்ச நீதிமன்றத்தில் தேங்கிய வழக்கு 30,000ஐத் தாண்டியது. வாய்தாவுக்கு வந்து வாய்தாவோடு போகிறவனுக்கு, நீதிபதி நல்லவர்தான் ஆனால் இல்லை என்பது என்ன ஆறுதல்? கிழக்கு ஜெர்மனியில் 1990க்குப் பிறகு பழைய நீதிபதிகளில் பெரும்பகுதியை அனுப்ப முடிந்தது என்றால், அதே மொழி பேசி, வரப்போகிற சட்டத்தை ஏற்கெனவே படித்த நீதிபதிகள் மேற்கில் தயாராக இருந்தார்கள். அந்த அதிர்ஷ்டம் வேறு யாருக்கும் கிடைக்காது.

போலந்து இவ்வளவு சுலபமில்லை என்பதை ஜூனியரிடம் ஒப்புக்கொண்டேன். அங்கே நீதிபதிகளைப் பரிந்துரைக்கிற தேசிய நீதித்துறை மன்றத்தில் நீதிபதி உறுப்பினர்கள் 15 பேரை முன்பு நீதிபதிகளே தேர்ந்தெடுத்தார்கள். 2017 டிசம்பர் சட்டத்தால் அதை நாடாளுமன்றப் பெரும்பான்மையின் கைக்கு மாற்றினார்கள். அந்த மன்றம் வழியாக 2,500க்கும் மேற்பட்டவர்கள் நியமனமோ பதவி உயர்வோ பெற்றுவிட்டார்கள், நாட்டின் நீதிபதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். ஐரோப்பிய நீதிமன்றங்கள் அந்த முறையைத் திரும்பத் திரும்பக் கண்டித்துவிட்டன. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியது. ஆனால் ஜனாதிபதி பழைய முகாமின் ஆள். சட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை. 2025 தேர்தலில் வந்தவரும் அதே முகாம்தான். இதில் ஒரு வேடிக்கை. 2023 தேர்தல் செல்லும் என்று சான்று கொடுத்தது உச்ச நீதிமன்றத்தின் ஒரு தனிப் பிரிவு. அந்தப் பிரிவு முழுக்க இந்தப் புது நீதிபதிகள். அது நீதிமன்றமே இல்லை என்று சொல்கிற அரசாங்கத்தின் வெற்றிக்கு முத்திரை வைத்தது அதுவேதான்.

அந்த 2,500 பேரில் பெரும் பங்கு, பயிற்சி முடித்து நேராக வந்த இளம் நீதிபதிகள். நீதிபதியாக வேறு வாசலே இல்லாத நேரத்தில் இருந்த வாசல் வழியாக வந்தவர்கள். இன்னொரு பக்கம், ஆட்சிக்கு வேண்டிய வேலை செய்து மேல் நீதிமன்றத்துக்குத் தாவியவர்கள். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்ட முடியாது. ஐரோப்பிய கவுன்சிலின் அரசமைப்புச் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையமும் 2024இல் இதைத்தான் சொன்னது: எல்லா நியமனமும் செல்லாது என்று ஒரே சட்டத்தில் சொல்லாதீர்கள், வகை பிரித்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வழி வேண்டும்.

ஜூனியர் விடவில்லை. "நீங்க சொல்ற மாதிரி ஒவ்வொருத்தரா விசாரிக்கறதுக்குள்ள அந்த ஆளுங்க ரிட்டயர் ஆயிடுவாங்க மேடம். அதுவரைக்கும் தீர்ப்பு எழுதிக்கிட்டேதானே இருப்பாங்க?"

நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. சட்டம் எழுத என்னைக் கூப்பிட்டால் (யாரும் கூப்பிடப் போவதில்லை) முதல் பிரிவிலேயே பழைய தீர்ப்புகள் செல்லும், நியமனக் குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி எதையும் திறக்க முடியாது என்று போட்டுவிடுவேன். அரசியல் வழக்குகளுக்கு மட்டும் தனி மேல்முறையீடு. தாவியவர்களைப் பழைய நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவேன், வேலையை விட்டு அல்ல. நேராக வந்த இளையவர்களைத் தொட மாட்டேன். யார் நியமிப்பது என்ற விதியை அவர்களைத் தொடுவதற்கு முன்பே மாற்றுவேன், அதுவும் எதிர்க்கட்சியின் கொஞ்சம் வாக்காவது இல்லாமல் நிறைவேறாத மாதிரி.

"எதிர்க்கட்சி வாக்கே போடலேன்னா?" என்றான். போலந்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிற்பகல் கோர்ட்டுக்கு மணியாகிவிட்டது. இரண்டு பேரும் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.